நிறைந்த நிலையில் ஒரு பாட்டில்

பத்தரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வனவர் அம்சவேணி பத்துக்கே வந்து, மாவட்ட வன அலுவலர் அறைக்கு வெளியே கிடந்த மர பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எங்கேயும் அரைமணி முன்னால் போய் நிற்பது அவளுக்கு ஒரு வியாதி. ஒரு பொம்பளையால் நேரமாகிவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான், பதினாலு வருஷமாக அவ்வளவுதான். எதிரே கதவு திறந்திருந்தது. உள்ளே கண்காணிப்பாளர் குப்புராஜின் மேசை, மேசைமேல் கோப்புகளுக்கு நடுவே அந்த நீலப் பாட்டில். சிந்துஜாவின் பாட்டில். அதன் கழுத்தில் ரப்பர் பேண்டு மாட்டி ஒரு சீட்டைச் செருகியிருந்தார்கள். பெஞ்சிலிருந்து எழுத்து தெரியாது, ஆனால் அவளும் இப்படி எத்தனையோ சீட்டு எழுதியவள்தான், என்ன எழுதியிருக்கும் என்று தெரியாதா? தண்ணீர் பாட்டில் ஒன்று, கொள்ளளவு ஒரு லிட்டர், நிறைந்த நிலையில். வனத்துறைக்காரர்களுக்குக் காட்டிலிருந்து எது வந்தாலும் சீட்டுக் கட்டாவிட்டால் கை அரிக்கும். சந்தனக் கட்டைக்குக் கட்டுவார்கள், மான் கொம்புக்குக் கட்டுவார்கள், யாரோ விட்டுவிட்டு ஓடிய ஒற்றைச் செருப்புக்குக்கூடக் கட்டிப் பீரோவில் வைத்திருக்கிறார்கள். இப்போது பாட்டிலுக்குக் கட்டியாகிவிட்டது. எட்டு நாளுக்கு முன்னால், யானைக் கணக்கெடுப்பின் மூன்றாம் நாள் மத்தியானம், கல்லூத்துமேட்டு முகாமுக்கு மேலே நடந்துகொண்டிருந்த வனக்காப்பாளர் சிந்துஜா, இருபத்தாறு வயசுப் பெண், நின்ற இடத்திலேயே சரிந்துவிட்டாள். நாலு பேர் தூளி கட்டி ஆறு கிலோமீட்டர் தூக்கி வந்தார்கள். பையைத் திறந்து பார்த்தால் பாட்டில் வாய்வரைக்கும் தண்ணீர். கையில் தண்ணீர் இருந்தும் விழுந்தாள் என்றால் தாகத்தால் விழவில்லை, உடம்பில் தெம்பில்லாமல் விழுந்தாள் என்று ரேஞ்சர் அறிக்கை எழுதினார். ஆகவே, என்று தொடங்கியது அதன் கடைசி வரி. ஆகவே கோட்டத்திலுள்ள ஏழு பெண் பணியாளர்களையும் முகாம் பணியிலிருந்து விடுவித்து நாற்றங்காலுக்கும் அலுவலகத்துக்கும் மாற்றலாம். அந்த ஆகவேயின் கீழே மூத்த பெண் பணியாளர் என்ற முறையில் அம்சவேணி சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குத்தான் இந்த பெஞ்சு.

அவள் பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள், மூடினாள். பிறகு எதற்கு மூடினோம் என்று தோன்றித் திறந்து இன்னொரு மடக்கு. சீருடை போட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பது, சட்டை போடாமல் தெருவில் நிற்பதுபோல ஒரு கூச்சமாக இருந்தது. முகாம் நாட்களில் காலையில் கிளம்பும்போது ரெண்டு மடக்கு, அதோடு சரி. மத்தியானம் சோறு விக்கினால் அரை மடக்கு, வாயை நனைத்துக்கொள்ள. பாட்டிலை மட்டும் நிரப்பி எடுத்துப் போக வேண்டும், இல்லாவிட்டால் கேட்பார்கள். சாயந்திரம் முகாமுக்கு வந்து அதே தண்ணீரை வேலி ஓரத்து எலுமிச்சைச் செடிக்கு ஊற்றிவிட வேண்டும். அந்தச் செடி இந்நேரம் மரமாகிவிட்டது. கல்லூத்துமேட்டு எலுமிச்சைக்கு மட்டும் எப்படி இத்தனை காய்ப்பு என்று வாட்சர்கள் பேசிக்கொள்வார்கள், அவள் சிரித்துக்கொண்டு சும்மா இருப்பாள். அதனால்தான் அன்றைக்குச் சிந்துஜாவின் பையிலிருந்து பாட்டில் வெளியே வந்தபோது மற்றவர்கள் அதைத் தண்ணீராகப் பார்த்தார்கள், இவள் குடிக்காத தண்ணீராகப் பார்த்தாள். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். சிறுநீரகத்தில் கிருமி, இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் ரத்தத்தில் ஏறியிருக்கும் என்றாராம் டாக்டர். சிந்துஜா கையில் ஊசிக் குழாயோடு எழுந்து உட்காரப் பார்த்தாள். “படு கண்ணு, என்ன சல்யூட்டா அடிக்கப் போற?” என்றாள் இவள். “அக்கா, என்னைய நாற்றங்காலுக்கு மாத்திருவாங்களாமா?” என்று அவள் கேட்டாள், உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை. “ஏன்டி தண்ணி குடிக்கல?” “நீங்களும் குடிக்க மாட்டீங்கல்லங்க்கா.” அதில் குற்றம் சொல்வது எதுவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அம்சவேணி யாருக்கும் ஒன்றும் சொல்லித் தந்ததில்லை. பின்னால் வந்த பெண்கள் கவனித்திருக்கிறார்கள், பாவிகள், அவள் கால் வைத்த இடத்தைப் பார்த்துக் கால் வைத்தமாதிரி வாயையும் கவனித்திருக்கிறார்கள். இன்னும் ஐந்து பேர். அந்த ஐந்து பேரின் பாட்டில்களும் சாயந்திரம் எங்கே கவிழ்கின்றனவோ. ஆஸ்பத்திரிப் படியிறங்கும்போது அவளுக்கு அழுகை வந்தது, சீருடையில் இருந்ததால் அழவில்லை.

சீருடை என்றால் முதல் சீருடை, முதல் முகாம், முதல் வாரம். அந்தச் சரகத்துக்கு வந்த முதல் பெண் அவள்தான். முகாம் என்பது ஒற்றை அறை, சுற்றிலும் யானை தாண்டாமல் இருக்க வெட்டிய அகழி, அகழிமேல் ரெண்டு பலகை. அகழிக்கு உள்ளே எவரும் அசிங்கம் பண்ணக் கூடாது, வெளியே எவரும் தனியாகப் போகக் கூடாது, இது முகாமின் சட்டம், நல்ல சட்டம்தான், யானை வருமா வராதா என்பது யானைக்கே கடைசி நிமிஷம்வரை தெரியாது. ஆம்பளைகள் ஜோடியாகப் போய்ச் சிரித்துக்கொண்டு வருவார்கள். அவள் எத்தனை நேரம் அடக்கினாள் அன்றைக்கு? மூன்று மணி நேரம், நாலு மணி நேரம், கடைசியில் போய்ச் சொன்னாள். ஒருத்தரும் கேலி பண்ணவில்லை, அதுதான் கொடுமை. ரெண்டு பேர் கம்பும் பட்டாசும் எடுத்துக்கொண்டு மரியாதையாக முன்னால் நடந்தார்கள், புதருக்குப் பத்தடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள், அவளுக்குக் கூச்சமாக இருக்கக் கூடாது என்று கிரிக்கெட் பேசினார்கள். சத்தம் கேட்டுவிடுமோ என்று அவளுக்கு வரவே இல்லை. பேச்சு தீர்ந்து, ஒருத்தர் இருமி, இன்னொருத்தர் மறுபடி கிரிக்கெட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுநாள் கஞ்சி குடிக்கும்போது யாரோ, “நேத்து நல்ல பந்தோபஸ்துங்க” என்றார். கெட்ட எண்ணம் இல்லை, சும்மா சொன்ன வார்த்தை. எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து தண்ணீரை நிறுத்தினாள். ஒரு சிரிப்புக்காகப் பதினாலு வருஷமா என்று இப்போது கணக்குப் பார்த்தால் கேனத்தனமாக இருக்கிறது. ஆனால் அப்போது வேறு எதை நிறுத்துவது? கணக்கெடுப்பு வருகிறதென்றால் மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை, அதுவும் அப்போது தொடங்கியதுதான். ஆறு வருஷம் கழித்துச் சிறுநீரகக் கல்லை உடைக்க லீவு போட்டபோது காரணம் குடல்வால் என்று எழுதினாள். குடல்வால் என்றால் ஆம்பளைக்கும் வரும்.

“வனவரம்மா, டீ சொல்லட்டுங்ளா?” குப்புராஜ் கதவருகே வந்து நின்றார். நல்ல மனுஷன், இந்த ஆபீஸில் முப்பது வருஷம், மேசை ஓரத்துக் கோப்பு ஒன்று நகர்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். “வேண்டாமுங்க. அய்யா வர நேரமாகுமா?” “வீடியோ மீட்டிங்குல உக்காந்துட்டாருங்க. பெண்கள் பங்கேற்புப் பத்தித்தான், மேலிடத்துல இருந்து.” அவர் குரலில் ஒரு கேலி இருந்தது, பெண்கள்மேல் இல்லை, மேலிடத்தின்மேல். கையில் ஒரு கோப்பைக் கொண்டுவந்திருந்தார். “உங்க கையெழுத்துத்தானுங்க இது? அய்யா கேட்டாருன்னு எடுத்தேன். நல்ல முத்து முத்தா எழுதியிருக்கீங்க.” அவள் பார்த்தாள். முத்து முத்தாகத்தான் இருந்தது. பெண் பணியாளர்களுக்கான கூடுதல் வசதி, தேவைகள்: தேவை ஏதுமில்லை. கீழே அவள் பெயர், தேதி, அந்த முதல் வருஷத்துத் தேதி. பழைய ரேஞ்சர் அந்தப் படிவத்தை ஆறு ஆம்பளைகளுக்கு முன்னால் அவளிடம் நீட்டி, “என்னம்மா வேணும் உனக்கு, எழுது, எல்லாம் வாங்கித் தந்துருவோம்” என்றார். அவரும் கெட்டவர் இல்லை. யாருமே கெட்டவர்களாக இல்லாமல் இவ்வளவு நடந்திருக்கிறதே என்றுதான் அவளுக்கு ஆச்சரியம். ஆறு பேரும் அவள் பேனாவையே பார்த்தார்கள். அவள் எழுதினாள். எழுதி முடித்ததும் ரேஞ்சர், “இதுதான் பொண்ணு” என்று தட்டிக்கொடுத்தார். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று, பொய் சொல்வானேன், அந்த நாள் அவள் வாழ்க்கையில் ரொம்பச் சந்தோஷமான நாள். குப்புராஜ் அடுத்த தாளைப் புரட்டினார், அடுத்த வருஷம்: தேவை ஏதுமில்லை. அதற்கடுத்த வருஷம்: தேவை ஏதுமில்லை. தட்டச்சு மாறியது, ரேஞ்சர்கள் மாறினார்கள், ஒரு பெண் ஏழு பெண்களானது, அந்த வரி மட்டும் மாறவில்லை. “வருசா வருசம் எங்ககிட்ட யாருங்க கேட்டாங்க?” என்றாள். “கேக்கறதென்னுங்க, முன்வருசத்துத் தாளைப் பாத்துத் தேதியை மாத்தி அனுப்பறதுதான. முப்பது வருசத்துல ஒரு தாளு திரும்பி வந்ததில்ல.” அவர் பெருமையாகச் சொன்னார். பெருமைப்பட அவருக்கு உரிமை உண்டு, வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார். பதினாலு தாள், அத்தனைக்கும் அம்மா அவள்.

பாட்டிலில் பாதிக்குமேல் போய்விட்டிருந்தது. எப்போது குடித்தாள்? அடிவயிற்றில் லேசாக ஒரு கனம் தெரிந்தது, பழைய பழக்கத்தில் உடம்பு தானாக இறுகிக்கொண்டது. தாழ்வாரத்தின் கோடியில் மகளிர் என்று பலகை மாட்டிய ஒரு கதவு உண்டு, அதில் பூட்டும் உண்டு, இந்த அலுவலகத்துக்கு அவள் வந்துபோகிற காலமெல்லாம் உண்டு. உள்ளே பழைய பதிவேடுகள் இருக்கின்றன என்று கேள்வி. சரி, கையெழுத்துப் போடாவிட்டால் என்ன, போட்டால் என்ன. போட்டால் ஏழு பேரும் நாற்றங்காலில் பாலித்தீன் பைக்கு மண் நிரப்பலாம், வேளாவேளைக்கு வீட்டுக்குப் போகலாம், சிந்துஜாவின் அம்மா கையெடுத்துக் கும்பிடுவாள். ஆனால் அந்தப் பெண் இவளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதானே, மாத்திருவாங்களா என்று. போன கோடையில் சரிவில் தீ ஏறியபோது, காற்று திரும்பப் போகிறதென்று எல்லோருக்கும் முந்திச் சொல்லி ஒன்பது ஆட்களைக் கீழே இறக்கியது அவள்தான். அது எந்தச் சீட்டிலும் இல்லை. சாணியைத் தொட்டுப் பார்த்து யானை போய் எத்தனை நேரம் ஆயிற்று என்று சொல்வாள், அவள் சொன்னால் சரியாக இருக்கும். அவளைப் போய்ப் பைக்கு மண் நிரப்பச் சொல்வதா. சரி, போடாமல் உண்மையை எழுதலாம். முகாமில் கக்கூஸ் இல்லை, அதனால் தண்ணீர் குடிப்பதில்லை, அதனால் விழுந்தாள். எழுதினால் என்ன சொல்வார்கள்? பார்த்தீர்களா, நாங்கள் அப்போதே சொன்னோம், பொம்பளைகள் வந்தால் ஆயிரம் ஏற்பாடு வேண்டும் என்று. அல்லது, அம்சவேணியே இத்தனை வருஷம் நடித்திருக்கிறாள் என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம் என்று. ஆம்பளைக்குச் சமமாக நடக்கிற அம்சவேணி என்று ரேஞ்சர்கள் புதியவர்களிடம் சுட்டிக்காட்டுகிற ஒரு பெண் இருக்கிறாளே, அவள் செத்துப்போவாள். அவளை வளர்க்கத்தான் எவ்வளவு பாடு. ஒரு நாள் சுணங்கியதில்லை, ஒரு நாள் உட்கார்ந்ததில்லை, உச்சி வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டாலும் பேசும்போது தெரியாமல் பேசுவாள். எழுதாவிட்டால் ஏழு பேர் போகிறார்கள், எழுதினாலும் ஏழு பேர் போகலாம். அப்படியானால் எதற்காக எழுத வேண்டும்? மறுபடி பாட்டிலைப் பார்த்தாள், கதவுக்குள் நீலமாக, சீட்டுக் கட்டிக்கொண்டு, நிறைந்த நிலையில். சிந்துஜாவுக்கு எதிராக அது சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தச் சாட்சியை மறுக்கத் தெரிந்த ஒரே ஆள் இந்த பெஞ்சில் உட்கார்ந்து கௌரவம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மிச்சத் தண்ணீரையும் குடித்தாள். கடைசி மடக்கு இளஞ்சூடாக இருந்தது.

கூப்பிட்டபோது மணி பதினொன்றே முக்கால். அலுவலர் முப்பத்திரண்டு வயசுக்காரர், மாற்றலாகி வந்து மூன்று மாசம், எழுந்து நின்று உட்காரச் சொன்னார். சல்யூட் அடிக்கும்போது அடிவயிறு சுரீரென்றது. “உங்க எல்லாருடைய பாதுகாப்புக்காகத்தாம்மா இது, தண்டனை மாதிரி எடுத்துக்கக் கூடாது. நீங்க ஒரு உதாரணம். உங்க அளவுக்கு உடம்பு எல்லாருக்கும் வாய்க்காது, இல்லையா?” நாற்காலியில் காலைச் சேர்த்து உட்கார்ந்தவளுக்கு அவர் சொல்வது பாதிதான் காதில் விழுந்தது. வாய்க்காத உடம்பு உள்ளே கதறிக்கொண்டிருந்தது. அவர் தாளை நகர்த்தினார். சம்மதம் என்று அச்சடித்து, அதன்கீழே குறிப்பு ஏதுமிருப்பின் என்று நாலு வரிக்கு இடம் விட்டிருந்தது. ஏதுமிருப்பின். இந்தச் சொற்களையெல்லாம் யார் கண்டுபிடிக்கிறார்கள், எதுவும் இருக்காது என்ற நம்பிக்கையில்தான் கண்டுபிடிப்பார்கள் போலிருக்கிறது. பேனாவைத் திறந்தாள். பயமா அவசரமா என்று அவளுக்கே தெரியவில்லை, ரெண்டும் ஒரே இடத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தன. எழுத்து முத்து முத்தாக வரவில்லை. பதினான்கு ஆண்டுகளாக நான் முகாமில் தண்ணீர் குடித்ததில்லை, என்று எழுதினாள். முகாமில் கழிப்பறை இல்லை, சிந்துஜாவும் குடிக்கவில்லை, பாட்டில் நிறைந்திருந்ததற்குக் காரணம் அதுவே. முதல் ஆண்டில் தேவை ஏதுமில்லை என்று நான் எழுதியது பொய். கையெழுத்தைச் சம்மதத்தின் கீழே போடாமல் இந்தப் பொய்யின் கீழே போட்டாள். அலுவலர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார், மறுபடி முதலிலிருந்து படித்தார். “இது... நீங்க எதுவுமே கேக்கலையேம்மா, இத்தனை வருஷமா?” “இப்பக் கேக்கறேனுங்க அய்யா” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது, குப்புராஜ் கதவருகே தலையை நீட்டினார். “எனக்கு ஒண்ணுக்குப் போகோணுமுங்க. அந்த மகளிர் ரூம்புச் சாவி வேணும்.”

சாவி உடனே கிடைத்துவிட்டால் அது அரசாங்க அலுவலகமா? குப்புராஜ் மூன்று இழுப்பறைகளைக் கவிழ்த்தார். அலுவலர் தன் அறைக்குள்ளேயே இருந்த சுத்தமான கழிவறையைக் காட்டி, “அம்மா, இதுல போங்க, பரவாயில்ல” என்றார் முகம் சிவந்து. அவளுக்கு ஒரு கணம் கால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. போய்விடலாம், யார் பார்க்கப் போகிறார்கள், நாளைக்குப் பூட்டு பூட்டாகவே இருக்கும், கல்லூத்துமேட்டில் அந்தக் கதவுகூட இருக்காது. “அது உங்களுக்குங்க அய்யா” என்று சொல்லிவிட்டுத் தாழ்வாரத்துக்கு வந்தாள். சாவி கிடைத்துக் கதவு திறந்தால் தரையிலிருந்து ஆள் உயரத்துக்குக் கட்டுக் கட்டாகத் தாள்கள், மேலே துருப்பிடித்த ஒரு தராசு. உதவியாளர்கள் ரெண்டு பேர், ஓட்டுநர், குப்புராஜ் என்று வரிசையாக நின்று கட்டுகளைக் கைமாற்றிக் கைமாற்றி வெளியே அடுக்கினார்கள். அலுவலரும் வந்தார், கையில் அவள் எழுதிய தாள். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வரிசையில் சேர்ந்து ஒரு கட்டை வாங்கினார். எதற்காக இவ்வளவு அவசரம் என்று அங்கே நின்ற அத்தனை ஆம்பளைகளுக்கும் தெரிந்தது, அவர்களுக்குத் தெரிகிறது என்று அவளுக்கும் தெரிந்தது. அன்றைக்குப் புதருக்குப் பின்னால் வந்த அதே கூச்சம் கழுத்துவரைக்கும் ஏறிவந்தது, இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. யாரும் கிரிக்கெட் பேசவும் இல்லை. “இன்னும் பத்து நிமிசந்தானுங்க வனவரம்மா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க” என்றார் குப்புராஜ், தூசியில் தும்மிக்கொண்டே. பதினாலு வருஷம் பொறுத்தவள் அவரைப் பார்த்தாள். “முடியாதுங்க” என்றாள், “சீக்கிரம் எடுங்க.”